பாடசாலை உணவும் கடையுணவும்: பிரித்தானிய அனுபவம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மதிய வேளையில் எவ்வகை உணவு வழங்கப்படல் வேண்டும் என்ற வினா, மேலோட்டமாக நோக்குமிடத்துச் சமையலறையோடும் சுகாதாரத்தோடும் மட்டும் தொடர்புடையதாகத் தோன்றலாம். பர்கர், பொரித்த கோழி, பீட்சா, சிப்ஸ் எனப்படும் பொரித்த உருளைக்கிழங்கு ஆகியவற்றை, அதாவது கடையில் வாங்கிக் கையோடு கொண்டுசென்று உண்ணும் உணவுவகைகளை, பாடசாலையும் வழங்கலாமா என்ற விவாதம் பிரித்தானியாவிலே கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. ஆங்கிலேயர் 'டேக் அவே' என வழங்கும் இவ்வகை உணவினை இக்கட்டுரையிற் கடையுணவு எனக் குறிப்பிடுவோம்.

இவ்விவாதத்தில் இரு விடைகள் பெரிதும் எதிரொலிக்கின்றன. பிள்ளை விரும்புவதைக் கொடுத்தாலன்றி அது உண்ணாது என்பது ஒன்று. பிள்ளையின் உடல்நலத்துக்கு ஒவ்வாததைக் கொடுத்தலாகாது என்பது மற்றையது. முன்னையது சுவையினையும் பின்னையது போசாக்கினையும் அடிப்படையாகக் கொண்டவை. இரண்டுமே, கடையுணவு பாடசாலையினுள் எப்போது, எவ்வாறு, யாருடைய நலன் கருதி நுழைந்தது என்ற வினாவை எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பும்போது, கடையுணவின் வரவு பிள்ளைகளின் நாவிலிருந்து தோன்றியதன்று என்பதும், பிள்ளைக்கு உணவளித்தல் பொதுக்கடமை என்ற நிலையிலிருந்து விற்பனை என்ற நிலைக்கு மாற்றப்பட்டமையின் விளைவே அது என்பதும் புலனாகும். இக்கருத்தினை பிரித்தானிய, சிறப்பாக ஆங்கிலப் பாடசாலைகளின் வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கட்டாயக் கல்வியும் பசித்த பிள்ளையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிற் பிள்ளையின் பசி குடும்பத்தின் உள்விவகாரமாகவே கொள்ளப்பட்டது. 1870 ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் நாடெங்கும் பாடசாலைகளை நிறுவ வழிசெய்தது. 1880 ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து முதல் பத்து வயது வரையான பிள்ளைகளின் வரவைக் கட்டாயமாக்கியது. அதுவரை தொழிற்சாலையிலும் தெருவிலும் மறைந்திருந்த பசி வகுப்பறையில் வரிசையாக வந்து அமர்ந்தது. பிள்ளை பாடசாலைக்கு வருவதைச் சட்டம் கட்டாயப்படுத்துமாயின், வந்த பிள்ளை கற்கும் நிலையில் இருப்பதற்கும் அச்சட்டத்தை இயற்றியோர் பொறுப்பல்லரா என்ற வினா தவிர்க்கவியலாததாயிற்று.

முதலில் இவ்வினாவுக்குத் தருமமே விடையாக முன்வைக்கப்பட்டது. 1889 இல் இலண்டனிற் பாடசாலை உணவுச் சங்கம் அமைக்கப்பட்டது; பிற நகரங்களிலும் தனியார் நன்கொடையால் சூப்பும் பாணும் வழங்கப்பட்டன. ஆயின் தருமம் குளிர்காலத்தில் மட்டுமே விழித்திருக்கும் இயல்பினது. நகருக்கு நகர், ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுவது. போவர் யுத்தத்துக்கு (1899–1902) ஆட்சேர்க்க முயன்றபோது தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் உடற்றகுதியின்மையால் நிராகரிக்கப்பட்டமை ஆளும் வர்க்கத்தைத் திடுக்கிட வைத்தது. 1904 இல் வெளிவந்த உடற்சீர்கேடு பற்றிய அரசாங்கக் குழுவின் அறிக்கை, பசித்த பிள்ளைகளுக்குப் பாடசாலையில் உணவளிக்கும் ஒழுங்கினை வலியுறுத்தியது. பேரரசின் படைக்கு உடல் வேண்டியிருந்தது என்ற கசப்பான உண்மை இச்சீர்திருத்தத்தின் பின்னணியிலுண்டு என்பதை மறத்தலாகாது.

எனினும் சீர்திருத்தத்தை மேலிருந்து கிடைத்த கொடையாக மட்டும் கொள்வது தவறாகும். பிராட்போர்ட் நகரிலே சுதந்திரத் தொழிற் கட்சியினரான பிரெட் ஜோவெற், மார்கரெட் மக்மிலன் முதலியோர் பல ஆண்டுகளாக இக்கோரிக்கையை முன்வைத்துப் போராடினர். 1906 இல் தொழிற் கட்சி உறுப்பினரும் தச்சுத் தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவருமான டைசன் வில்சன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலமே கல்வி (உணவு வழங்கல்) சட்டமாக நிறைவேறிற்று. உள்ளூராட்சி மன்றங்கள் பவுண் ஒன்றுக்கு அரைப் பென்னி வரை வரி விதித்துப் பிள்ளைகளுக்கு உணவளிக்கலாம் என அது அனுமதித்தது, கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் அதிலுள்ள ஒரு பிரிவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. வறியோர் சட்டத்தின் கீழ் உதவி பெற்றோர் வாக்குரிமையை இழந்த அக்காலத்தில், பாடசாலையிற் பிள்ளை உணவு பெற்றமைக்காகத் தந்தையின் வாக்குரிமை பறிக்கப்படலாகாது என அப்பிரிவு விதித்தது. பாடசாலை உணவு பிச்சையினின்றும் பிரிக்கப்பட்டு உரிமையின் வாசலில் நிறுத்தப்பட்டது இங்கேதான். சட்ட அறிஞரான டைசி 1914 இலும் இதனை ஏற்கவில்லை. தன் பிள்ளையைப் பிறர் செலவில் உண்ணவிடும் தந்தை வாக்குரிமையை வைத்திருத்தல் முறையாகுமா என்று அவர் ஐயுற்றார் என்பது அன்றைய எதிர்ப்பின் தன்மையை உணர்த்தும்.

பிராட்போர்ட்டின் பாடசாலை மருத்துவ அதிகாரி ரால்ப் குரோலி 1907 இல் நடத்திய பரிசோதனை இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகின்றது. ஏறத்தாழ 40 வறிய பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் காலையும் மதியமும் உணவளித்து, வாரந்தோறும் நிறை பார்த்தனர். உணவு பெற்றோர் நிறை கூடினர். விடுமுறை வந்தபோது நிறை குறைந்தனர். பாடசாலையில் அளவிடப்பட்ட இவ்வெண்கள் வீட்டின் வறுமையைப் புலப்படுத்தின. அங்கே எவ்வாறு உணவளிக்கப்பட்டது என்பதும் நமக்கு முக்கியமானது. மேசைமேல் துணி விரிக்கப்பட்டது, பூக்கள் வைக்கப்பட்டன, மூத்த மாணவியர் சிறுவர்க்குப் பரிமாறினர், பிள்ளைகள் ஒருங்கமர்ந்து உண்டனர். பசிபோக்குதல், கூடியிருந்து உண்ணப் பழகுதல் ஆகிய இரண்டும் பாடசாலை உணவின் தொடக்கத்திலேயே இணைந்திருந்தன.

2. கடையுணவின் வர்க்க மூலம்

இவ்விடத்துக் கடையுணவின் வரலாற்றினையும் சிறிது நோக்குதல் வேண்டும். கடையுணவைப் பழிக்கும் கட்டுரைகள் பல, அதனை நேற்று அமெரிக்காவிலிருந்து வந்த நோயாகச் சித்திரிக்கின்றன. உண்மையில் பிரித்தானியக் கடையுணவின் மூத்த வடிவமான பொரித்த மீனும் சிப்சும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லங்காசயர், யோர்க்சயர், இலண்டன் ஆகியவற்றின் தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்ததாகும். இழுவைப் படகுகளும் இரயில் பாதையும் மீனை மலிவாக உள்நாட்டு நகரங்களுக்குக் கொண்டுவந்தன. பஞ்சாலைகளிற் பெண்கள் முழுநாளும் உழைத்தனர். வீடுகளில் அடுப்பு வசதியும் எரிபொருளும் அருகியிருந்தன. பத்து மணிநேர வேலைக்குப் பின் வீடு திரும்பும் தாய்க்கு, சூடான, நிறைவான, மலிவான உணவைத் தெருமுனைக் கடை தந்தது. 1910 ஆம் ஆண்டளவில் இத்தகைய கடைகள் ஏறத்தாழ 25,000 இருந்தன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது மீனும் சிப்சும் பங்கீட்டுக்கு உட்படுத்தப்படவில்லை என்பது அவற்றின் இன்றியமையாமைக்குச் சான்றாகும்.

அன்றைய மத்தியதர வர்க்கத்துச் சீர்திருத்தவாதிகள் இக்கடைகளை இழிவாகவே நோக்கினர். வீட்டில் சமைக்கத் தெரியாத சோம்பேறித் தாயின் அடையாளம் என்றும், நாற்றம் பிடித்த வியாபாரம் என்றும் பழித்தனர். ஜோன் வால்ற்றன் 1992 இல் வெளியிட்ட ஆய்வுநூல், இப்பழிப்புகளுக்கு மாறாக, குறைந்த கூலியும் நீண்ட வேலைநேரமும் கொண்ட வாழ்க்கைக்குத் தொழிலாளர் கண்ட அறிவார்ந்த தீர்வாகவே அவ்வுணவு அமைந்தது எனக் காட்டுகின்றது. ஆகவே, கடையுணவை உண்போரின் ஒழுக்கக் குறைபாட்டினால் விளக்க முற்படுவது வரலாற்றுக்கு முரணானது. வேலைநாளின் நீளமும் கூலியின் அளவும் சமையலறையின் வசதியுமே அதனை விளக்கவல்லன. இத்தெளிவு இன்றேல், பின்னர் நாம் காணவிருக்கும் விவாதங்களில் வர்க்க ஏளனமானது சுகாதாரத்தின் முகமூடி அணிந்து வருவதை அடையாளங் காணவியலாது.

3. கடமை என்ற நிலை: 1944 – 1979

இரு யுத்தங்களுக்கிடைப்பட்ட காலத்தில் வேலையின்மை பெருகியது. ஜோன் போய்ட் ஓர் 1936 இல் வெளியிட்ட ஆய்வு, வருமானம் குறையக் குறைய உணவின் தரமும் உடல்நலமும் குன்றுவதைப் புள்ளிவிபரங்களோடு நிறுவிற்று. இதற்கு முன்னரே, 1934 இல், அரைப் பென்னிக்கு மூன்றிலொரு பைந்து பால் வழங்கும் திட்டம் பாடசாலைகளில் தொடங்கப்பட்டிருந்தது. அத்திட்டம் பாற்பண்ணைக்காரரின் சந்தைத் தேவையையும் நிறைவேற்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

பாடசாலை உணவைச் சிலருக்கான உதவி என்ற நிலையிலிருந்து எல்லோருக்குமான சேவையாக்கியது இரண்டாம் உலக யுத்தமே. தாய்மார் தொழிற்சாலைக்குச் சென்றனர், உணவு பங்கிடப்பட்டது, பிள்ளைகளின் நலம் தேசிய அலுவலாயிற்று. 1941 இல் முதன்முறையாகப் பாடசாலை உணவுக்குப் போசாக்கு நியமம் வகுக்கப்பட்டது. ஒரு மதிய உணவு ஏறத்தாழ 1000 கலோரி கொண்டதாய், போதிய புரதமும் கொழுப்பும் உடையதாய் இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பாலும் உணவும் வழங்குதலை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கியது. 1906 இல் 'வழங்கலாம்' என்றிருந்தது 1944 இல் 'வழங்குதல் வேண்டும்' என மாறிற்று. 1945 அளவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 இலட்சம் உணவுகள் பரிமாறப்பட்டன. 1946 முதல் பால் இலவசமாயிற்று.

இக்காலத்தைப் பொற்காலமாக வருணிப்பதும் பொருந்தாது. நெடுநேரம் அவித்த முட்டைக்கோவாவும் கட்டிபட்ட கஸ்ரட்டும் அத்தலைமுறையினரின் நினைவில் வேம்பாக நிலைத்துள்ளன. இலவச உணவு பெறும் பிள்ளைகளுக்கு வேறு நிறச் சீட்டு வழங்கியும் வேறு வரிசையில் நிறுத்தியும் பல பாடசாலைகள் அவர்களை அவமானப்படுத்தின. உணவுரிமை வழங்கப்பட்டதாயினும் மனித கௌரவம் முழுமையாக வழங்கப்படவில்லை. இருப்பினும் அமைப்பின் அடிப்படை தெளிவாக இருந்தது. விலை நாடெங்கும் ஒன்றாக இருந்தது. போசாக்கு நியமம் ஒன்றாக இருந்தது. ஒரே மேசையில் ஒரே உணவு பரிமாறப்பட்டது. பிள்ளை அங்கே வாடிக்கையாளராக வரவில்லை.

இவ்வமைப்பின் அரிப்பு ஒரு கட்சியினால் மட்டும் தொடங்கப்பட்டதன்று. 1968 இல் இடைநிலைப் பாடசாலைகளில் இலவசப் பாலை நிறுத்தியது தொழிற் கட்சி அரசாங்கமே. 1971 இல் கல்வி அமைச்சராயிருந்த மார்கரெட் தட்சர் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பாலை நிறுத்தினார். அதே ஆண்டில் உணவின் விலையும் 9 பென்சிலிருந்து 12 பென்சாக உயர்த்தப்பட்டது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் நகரான மேர்தர் ரிட்வில் மன்றம் போன்றவை இதனை எதிர்த்து நின்றன.

4. கடமை விற்பனையாதல்: 1980 – 2001

பாடசாலையினுள் கடையுணவு நுழைந்த வாசலை நாம் ஆண்டும் சட்டமும் குறித்துச் சுட்டிக்காட்டலாம். 1980 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் நான்கு தசாப்தங்களாக நிலவிய போசாக்கு நியமங்களை நீக்கியது. ஒரே விலை என்ற முறையைக் கைவிட்டது. இலவச உணவுக்கு உரித்துடைய பிள்ளைகள் நீங்கலாக ஏனையோருக்கு உணவு வழங்கும் கடமையினின்றும் மன்றங்களை விடுவித்தது. பொதுச்செலவைக் குறைத்தலே இதன் நோக்கம் என்பது மறைக்கப்படவில்லை. டோர்செற் போன்ற சில மன்றங்கள் ஆரம்பப் பாடசாலைகளில் சுடு உணவையே நிறுத்தின. நிறுத்தாதவை சேவையைத் தன்செலவைத் தானே ஈடுசெய்யும் வியாபாரமாக மாற்ற முற்பட்டன.

வியாபாரமாக மாறியதும் உணவின் வடிவமும் மாறியது. முழுச் சாப்பாட்டுக்கு ஒரு விலை என்ற முறை மறைந்து, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விலையிடும் சிற்றுண்டிச்சாலை முறை இடைநிலைப் பாடசாலைகளிற் பரவிற்று. தனிப்பொருளாக விலைப்படுவது எது? கைக்கு அடங்குவது, விரைவாகப் பொரித்தெடுக்கத்தக்கது, உறைநிலையில் நெடுநாள் இருக்கவல்லது, வீணாகாதது, கரண்டியும் முள்ளும் வேண்டாதது. இப்பண்புகள் யாவும் கடையுணவின் பண்புகளே. அவித்த காய்கறியைத் தனி விலைக்கு வாங்க எப்பிள்ளை முன்வரும்? சிப்சை எப்பிள்ளை வாங்காது விடும்? பட்டியலைத் தீர்மானித்தது பிள்ளையின் சுவை என்று சொல்லப்பட்டது. ஆனால் அச்சுவைக்கு முன்னே வைக்கப்பட்ட பொருள்களைத் தீர்மானித்தது கணக்கேடாகும்.

1986 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், 1988 முதல், குறைந்த கூலி பெறும் குடும்பங்கள் பலவற்றின் இலவச உணவுரிமையைப் பறித்தது. 1988 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் பாடசாலை உணவுச் சேவையைக் கட்டாயமாகக் கேள்விப்பத்திரத்துக்கு விடச் செய்தது. குறைந்த விலை கோரியவருக்கே ஒப்பந்தம் என்ற நிலையில், விலையைக் குறைக்க இரு வழிகளே இருந்தன. ஒன்று, மூலப்பொருளின் தரத்தைக் குறைத்தல். மற்றையது, கூலியைக் குறைத்தல். இரண்டாவது வழிக்கு ஒரு வழக்கு சான்றாகவுள்ளது. நோர்த் யோர்க்சயர் மன்றம் தனியார் நிறுவனங்களோடு போட்டியிடும் பொருட்டுத் தன் பாடசாலைச் சமையற் பெண்களின் கூலியைக் குறைத்தது. அவர்களது வேலையோ குப்பை அகற்றுதல் முதலியவற்றில் ஈடுபட்ட ஆண் தொழிலாளரின் வேலைக்கு ஒத்த மதிப்புடையதாக முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. அப்பெண்கள் தொடுத்த வழக்கிலே 1995 இல் பிரபுக்கள் சபை அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மலிவான உணவின் விலையைப் பிள்ளையின் உடலும் சமையற்காரியின் கூலியும் சேர்ந்தே செலுத்தின என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை.

விளைவுகள் விரைவில் தென்பட்டன. 1979 இல் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பிள்ளைகள் பாடசாலை உணவு உண்டனர். பத்தாண்டுகளுக்குள் அது அரைப்பங்குக்குக் கீழே வீழ்ந்தது. 1983 இல் 10–11, 14–15 வயதினரிடையே அரசாங்கம் மேற்கொண்ட உணவாய்வு, பிள்ளைகள் பெறும் சக்தியின் முக்கிய மூலங்களாகப் பாண், சிப்ஸ், பால், பிஸ்கட், இறைச்சித் தயாரிப்புகள், கேக் வகைகள் ஆகியவற்றைக் கண்டது. மதிய வேளையில் வெளியே சென்று உணவகங்களிலும் கடையுணவுக் கடைகளிலும் உண்ட மூத்த மாணவியரிடம் இரும்புச்சத்து உள்ளெடுப்பு மிகக் குறைவாக இருந்ததையும் அது சுட்டியது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை அதே கடையின் பட்டியலை உள்ளே கொண்டுவந்து போட்டியிட்ட காலமும் இதுவேயாகும்.

ஆரம்பப் பாடசாலைகளிலே மாற்றம் வேறு வடிவில் நிகழ்ந்தது. சமையலறைகள் பல மூடப்பட்டன. சமைக்கும் பெண்கள் பொதியை உடைத்துச் சூடாக்குவோராயினர். விலங்கு வடிவிலும் எழுத்து வடிவிலும் அச்சிட்ட இறைச்சித் துண்டுகள் தட்டுக்கு வந்தன. உணவு பாடசாலையிற் பரிமாறப்பட்டதாயினும் தொழிற்சாலையிலேயே உருவாக்கப்பட்டது. இங்ஙனம் நியமம் எதுவுமின்றி இருபது ஆண்டுகள் கழிந்தபின், 2001 இலேயே சட்டபூர்வமான நியமங்கள் மீண்டும் அறிமுகமாயின.

5. 2005 ஆம் ஆண்டுப் பிரசாரமும் அதன் எல்லையும்

2005 இல் சமையற்கலைஞர் ஜேமி ஒலிவர் தொலைக்காட்சித் தொடரொன்றின் மூலம் இந்நிலையை நாடறியச் செய்தார். கிரினிச் பகுதிப் பாடசாலையொன்றில் ஒரு பிள்ளையின் உணவுப்பொருளுக்கு 37 பென்சே செலவிடப்பட்டமையும், மூன்றிலொரு பங்களவே வான்கோழி இறைச்சி கொண்ட 'ரேக்கி ட்விஸ்லர்' என்ற பண்டமும் பொதுச் சீற்றத்துக்கு இலக்காயின. அரசாங்கம் 28 கோடி பவுண் ஒதுக்குவதாக அறிவித்தது. ஆரம்பப் பாடசாலையில் உணவுப்பொருட் செலவு குறைந்தது 50 பென்சாக இருத்தல் வேண்டுமென்றது. 2006 முதல் பொரித்த உணவு வாரத்துக்கு இருமுறைக்கு மேற்படலாகாதென விதித்தது. கிரினிச் ஆரம்பப் பாடசாலைகள் பற்றி 2011 இல் வெளிவந்த பெலோ, ஜேம்ஸ் ஆகியோரின் ஆய்வு, உணவு மாற்றத்தின் பின் ஆங்கிலம், விஞ்ஞானம் ஆகியவற்றிற் பெறுபேறுகள் உயர்ந்தமையையும் அனுமதி பெற்ற வரவின்மை குறைந்தமையையும் கண்டறிந்தது.

ஆயினும் இப்பிரசாரத்தின் குறைபாட்டையும் கூறுதல் வேண்டும். பத்திரிகைகள் 1980, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களைப் பற்றி எழுதியதைவிடத் தாய்மாரைப் பற்றியே மிகுதியாக எழுதின. 2006 இல் ரொதெரம் நகருக்கருகே இடைநிலைப் பாடசாலையொன்றின் வேலிக்கூடாகச் சில தாய்மார் பிள்ளைகளுக்குப் பர்கரும் சிப்சும் கொடுத்தபோது, நாடே அவர்களை நகைத்தது. மதிய இடைவேளை குறுகியமை, உணவு வரிசை நீண்டமை, பிள்ளைகள் பசியோடு வீடு திரும்பியமை ஆகிய அவர்களது முறைப்பாடுகள் அந்நகைப்பில் அமிழ்ந்தன. ஒரு நூற்றாண்டுக்கு முன் மீனும் சிப்சும் வாங்கிய பஞ்சாலைப் பெண்ணை நோக்கி எழுந்த அதே குரல் இங்கு மீண்டும் ஒலித்தது.

இக்காலத்திலேயே நியமம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று கிடைத்தது. நியமங்கள் கடுமையானபோது உணவு பெறுவோர் தொகை சிறிது காலம் வீழ்ந்தது; பிள்ளைகள் வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவந்தனர். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் அப்பெட்டிகளை ஆராய்ந்த லீட்ஸ் பல்கலைக்கழகத்தார், நூற்றில் ஒன்றே பாடசாலை உணவுக்குரிய நியமத்தை எட்டியது எனக் கண்டனர். மாறாக, 2009 – 2011 காலத்தில் நியூகாம், டேரம் ஆகிய இடங்களில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவச உணவு வழங்கியபோது, பத்தில் ஒன்பது பங்கினர் அதனை உண்டனர். அவர்களது கல்வி முன்னேற்றம் ஒத்த பிற பகுதிகளின் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரு மாதம் முன்சென்றது. கட்டணம் நீங்கி எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்தபோது, சிப்ஸ் என்னும் தூண்டில் தேவைப்படவில்லை.

6. இன்றைய முரண்பாடு

2013 இல் அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி பாடசாலை உணவுத் திட்டத்தை வரைந்தோர், லியோன் என்ற விரைவுணவு நிறுவனத்தின் நிறுவுநர்களான ஹென்றி டிம்பிள்பி, ஜோன் வின்சென்ற் ஆகியோர். 2014 செப்டெம்பரில் இங்கிலாந்தின் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் மதிய உணவு இலவசமாயிற்று. 2015 சனவரியில் நடைமுறைக்கு வந்த நியமங்கள் பொரித்த, மாவிலும் பாண்தூளிலும் தோய்த்த உணவினை வாரத்துக்கு இருமுறைக்கு மட்டுப்படுத்தின. ஸ்கொத்லாந்து 2022 சனவரியளவில் முதல் ஐந்து வகுப்புகளுக்கும், வேல்ஸ் 2024 அளவில் ஆரம்பப் பாடசாலை முழுவதற்கும் இலவச உணவை விரித்தன. 2023 செப்டெம்பர் முதல் இலண்டன் மாநகர் தன் அரச ஆரம்பப் பாடசாலைகள் அனைத்துக்கும் அதனை வழங்கத் தொடங்கிற்று. கொரோனாக் காலத்தில், 2020 இல், உதைபந்தாட்ட வீரர் மார்கஸ் ரஷ்போர்ட் முன்னின்ற இயக்கம், விடுமுறையிலும் பிள்ளைக்குப் பசிக்கும் என்ற குரோலியின் பழைய உண்மையை மீண்டும் நினைவூட்டியது.

மறுபுறத்தில், 2009 இல் வோல்தம் பொறஸ்ற் மன்றம் பாடசாலைகளிலிருந்து 400 மீற்றர் தூரத்தினுள் புதிய கடையுணவுக் கடைகளுக்கு அனுமதி மறுக்கும் கொள்கையை வகுத்தது. பின்னர் பல மன்றங்கள் அதனைப் பின்பற்றின. 2021 ஆம் ஆண்டின் இலண்டன் நகரத் திட்டமும் அதனை ஏற்றது. வாயிலுக்கு வெளியே கடையைத் தடுக்கும் அரசு, வாயிலுக்கு உள்ளே கடையின் முறையை 1980 முதல் தானே வரவேற்று வளர்த்தது என்ற முரண்பாடு இங்கு மனங்கொள்ளத்தக்கது. இக்கடைகள் பலவற்றை நடத்துவோர் குடியேறிய சிறு வியாபாரிகள். தென் இலண்டனில் 1985 இல் தோன்றிய மோர்லீஸ் என்ற கோழிக்கடைத் தொடரை நிறுவியவரும் இலங்கையிலிருந்து சென்றவரே. பாடசாலை முடிந்தபின் சில்லறைக் காசுக்குச் சூடான உணவும், மழைக்கு ஒதுங்க இடமும், நண்பரோடு பேச ஒரு மேசையும் வறிய பகுதிப் பிள்ளைகளுக்கு வேறெங்கும் கிடைக்காதபோது, அவற்றைக் கொடுத்த கடைக்காரரைக் குற்றவாளியாக்குதல் எளிது. அவற்றைக் கொடுக்கத் தவறிய பொது நிறுவனங்களை விசாரித்தலே கடினம். இங்கிலாந்தில் ஆரம்பப் பாடசாலையின் இறுதி வகுப்பிலுள்ளோரில் ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்டோர் மிகையுடற்பருமன் உடையோர் என்பதும், மிக வறிய பகுதிகளில் இவ்விகிதம் மிக வசதியான பகுதிகளைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்பதும், பிரச்சினையின் வர்க்க இயல்பினைக் காட்டுகின்றன.

7. எதிர்வாதங்களும் விடையும்

ஆரம்பப் பாடசாலையிற் கடையுணவு வேண்டுமென்போர் மூன்று வாதங்களை முன்வைக்கின்றனர். பிள்ளைக்குத் தெரிவுச் சுதந்திரம் வேண்டும் என்பது முதலாவது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை தெரிவது தன்முன் வைக்கப்பட்டவற்றுள் ஒன்றையே. அவற்றை வைப்பவர் யார் என்பதே சுதந்திரம் பற்றிய உண்மையான வினா. வாசிக்கவோ எண்ணவோ கற்பதைப் பிள்ளையின் தெரிவுக்கு விடாத பாடசாலை, உண்ணக் கற்பதை மட்டும் சந்தைக்கு விடுவது ஏன்?

பழகிய உணவாயின் பிள்ளை உண்ணும், வீணாகாது என்பது இரண்டாவது. இவ்வாதத்தில் உண்மையுண்டு; உண்ணப்படாத போசாக்கு எவ்வுடலையும் வளர்க்காது. எனவே உணவுப் பண்டத்தையும் உணவு வழங்கும் முறையையும் வேறுபடுத்திக் காணுதல் வேண்டும். பாடசாலைச் சமையலறையில் நல்ல இறைச்சியாற் செய்த பர்கரையோ, வெள்ளிக்கிழமையில் பரிமாறும் மீனையும் சிப்சையுமோ விலக்குவதற்கு நியாயமில்லை. அவை அம்மக்களின் பண்பாட்டுக்கு உரியவை. விலக்கத்தக்கது, தனிப்பொருள் விலை, நின்றுகொண்டு உண்ணல், பொதியுடைத்துச் சூடாக்கல், இயன்றவன் ஒன்றும் இயலாதவன் வேறொன்றுமாக வாங்குதல் ஆகியன சேர்ந்த விற்பனை முறையாகும்.

நேரமும் இடமும் பணமும் இல்லை என்பது மூன்றாவது. இதுவே நேர்மையான வாதம். சமையலறைகள் மூடப்பட்டமையும் இடைவேளைகள் குறுகியமையும் உண்மை. ஆனால் அவை இயற்கையின் விதிகளல்ல. குறித்த ஆண்டுகளில் குறித்த சட்டங்களால் விளைந்தவை. சட்டத்தால் மூடப்பட்டவற்றைச் சட்டத்தால் திறத்தல் இயலும்.

8. முடிவுரை

இவ்வரலாறு இலங்கை வாசகருக்கு அந்நியமானதன்று. எல்லோருக்கும் உரியதாயிருந்த அரிசிப் பங்கீடு 1978 சனவரியில் குறைந்த வருமானத்தினருக்கு மட்டுப்படுத்தப்பட்டு, 1979 செப்டெம்பரில் உணவு முத்திரையாக மாற்றப்பட்டதையும், விலைவாசி உயர்வினால் அம்முத்திரையின் பெறுமதி தேய்ந்ததையும் நாம் அறிவோம். பிரித்தானியாவில் 1980 இல் பாடசாலை உணவுக்கு நேர்ந்ததும் இதே தர்க்கத்தின் மற்றொரு வெளிப்பாடே. எல்லோருக்குமான உரிமை முதலில் வறியோருக்கான உதவியாகச் சுருங்குகின்றது. பின்னர் உதவி பெறுவோர் அடையாளமிடப்படுகின்றனர். இறுதியில் எஞ்சியோர் வாடிக்கையாளராகின்றனர்.

ஆரம்பப் பாடசாலை கடையுணவு வழங்கலாமா என்ற வினாவுக்கு, ஆகவே, பட்டியலை மட்டும் பார்த்து விடை கூறுதல் இயலாது. கடை தன் வாடிக்கையாளரின் பணத்துக்கேற்ப உணவளிக்கின்றது. அதில் அதற்குக் குற்றமில்லை, அது கடை. பாடசாலையோ அதனைச் செய்தலாகாது. 1906 ஆம் ஆண்டுச் சட்டம் வறிய தந்தையின் வாக்குரிமையைக் காத்தபோது ஏற்றுக்கொண்டது இவ்வேறுபாட்டையே. இங்கிலாந்தில் அரசாங்க உதவி பெறும் குறைந்த வருமானக் குடும்பங்கள் அனைத்தின் பிள்ளைகளுக்கும் 2026 செப்டெம்பர் முதல் இலவச உணவுரிமை விரிவுபடுத்தப்படும் என 2025 யூனில் அறிவிக்கப்பட்டமை வரவேற்கத்தக்கதே. எனினும் உரிமை விரிவதோடு, மூடிய சமையலறைகள் திறக்கப்படுதலும், அவற்றில் உழைக்கும் பெண்களுக்கு உரிய கூலி கிடைத்தலும், பிள்ளைகள் ஒருங்கமர்ந்து உண்ணப் போதிய நேரம் ஒதுக்கப்படுதலும் வேண்டும். இவை இல்லாதவிடத்து, இலவசமாக வழங்கப்படுவதும் கடையுணவாகவே இருக்கும்.